அம்மாவுக்கு 21.8, மகளுக்கு 20.5: சின்னக் கால்களுக்கு ஸ்கி டூர் சப்பாத்தும் பிண்டுங்கும்

அக்கா, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேர்னில் இருக்கிறீர்கள். உங்கள் கால் 21.8 செ.மீ., எடை 49 கிலோ. மகளுக்கு ஒன்பது வயது, கால் 20.5 செ.மீ., எடை 29 கிலோ. இரண்டு பேரும் லிஃப்ட் உள்ள இடங்களில் நன்றாக ஸ்கி ஓடுகிறீர்கள். வருகிற மாரியில் ஸ்கிக்கு அடியில் ஃபெல் (பின்னுக்கு வழுகாமல் ஏற உதவும் ஒட்டுப்பட்டி) ஒட்டிக்கொண்டு, மலையில் நடந்தே ஏறி, ஸ்கியில் இறங்க ஆசை, அதாவது ஸ்கி டூர். மூன்று கடை ஏறி இறங்கியாகிவிட்டது. இரண்டில் "இந்த அளவில் இல்லை" என்றார்கள். மூன்றாவது கடையில் உங்களுக்கு 24 அளவைக் கொடுத்து, "தடித்த மேஸ் இரண்டு போட்டால் காணும்" என்றார்கள்.

காணாது. அந்தச் சப்பாத்தை வாங்காமல் வந்தது நல்லது.

நான் பல மாரிகாலமாக ஒரு ஸ்கி வாடகைக் கடையின் பின்னறையில் பிண்டுங் (சப்பாத்தை ஸ்கியோடு பிணைக்கும் கருவி) பூட்டிக்கொண்டிருப்பவன். வீட்டிலும் இதே கதைதான். மனைவியின் கால் 22.0, யாழ்ப்பாணத்தில் பாட்டா கடையில் மூன்றாம் நம்பர் கேட்டுப் பழகிய கால். அதனால் சின்னக் காலோடு படும் பாடு எனக்குக் கேள்விஞானம் இல்லை.

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குச் சிக்கல் சப்பாத்தில், மகளுக்குச் சிக்கல் பிண்டுங்கில். இரண்டுக்கும் வழி வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் "சின்ன அளவு" என்ற ஒரே பெட்டிக்குள் போடுவதால்தான் நீங்கள் இப்படி அலைய வேண்டியிருக்கிறது.

மகளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிழை விட்டால் அங்கேதான் எலும்பு முறியும்.

பிண்டுங்குக்கு இரண்டு வேலை. ஓடும்போது சப்பாத்தை ஸ்கியோடு பிடித்து வைத்திருக்க வேண்டும். விழும்போது கால் முறிவதற்கு முன் விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடும் என்பதைச் சொல்வதுதான் எல்லோரும் "டின்" என்று சொல்லும் எண். அதைக் கணக்கிட ஐ.எஸ்.ஓ. 11088 என்ற அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், ஓடும் விதம் எல்லாவற்றையும் பார்த்து எண் வரும். ஒன்பது வயதும் அதற்குக் கீழும் என்றால் ஒரு வரி குறைத்தே எடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த எண் 1.5-க்கும் 2-க்கும் இடையில் எங்கேயோ வரும்.

இப்போது கடையில் தொங்கும் டூர் பிண்டுங்குகளைப் பாருங்கள். ஃப்ரிட்ச்சி செனிக் 10 என்பது 4-இல் தொடங்கி 10-இல் முடியும். மார்க்கர் கிங்பின் 10-இன் தொடக்கமே 5. பெயரில் உள்ள 10 மேல் எல்லை. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், விளம்பரத்திலும் அதுதான் பெரிதாக இருக்கும். பிள்ளைக்கு வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது கீழ் எல்லை. 2-இல் விட வேண்டிய காலை 4-க்குக் குறையாத பிண்டுங்கில் பூட்டினால், அது விடாது.

இதை நான் கெட்டித்தனத்தால் கற்கவில்லை. சில வருடத்துக்கு முன் பெரியம்மா மகளின் பையன் ஒருவன், 33 கிலோ, என்னோடு டூர் வரவேண்டும் என்று அடம்பிடித்தான். கால் நீளமான பிள்ளை, 22.5 சப்பாத்துச் சரியாகப் பொருந்தியது. வீட்டில் கிடந்த ஊசிப் பிண்டுங்கைப் பூட்டி, திருகைக் கடைசிவரை இறக்கி, "ஆகக் குறைந்ததில் வைத்திருக்கிறேன், பயமில்லை" என்று அவன் தாய்க்குச் சொன்னேன். ஆகக் குறைந்தது என்றால் அது 4. பங்குனி மாத ஈரப்பனி. வேகமாகக்கூட விழவில்லை. கிட்டத்தட்ட நின்ற நிலையில் முன்முனை பனிக்குள் புதைய, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, ஸ்கி அசையவே இல்லை. முழங்கால்தான் திரும்பியது. நல்லகாலம், தசைநார் இழுபட்டதோடு போயிற்று, ஆறு வாரம். அவன் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மெதுவாகத் திரும்பி விழும் விழுகைதான் பிள்ளைகளின் காலுக்கு ஆபத்து. வேகமாக விழும்போது விசை கூட, பிண்டுங் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஊசிப் பிண்டுங் என்று எழுதினேன். இங்கே எல்லோரும் "பின் பிண்டுங்" என்கிறார்கள். தமிழில் எழுதினால் பின்னால் பூட்டுவது என்று விளங்கும், அதனால் ஊசி. சப்பாத்தின் மூக்கின் இரு பக்கமும் இரண்டு சின்ன உலோகக் குழிகள், குதியில் இரண்டு வெட்டு. பிண்டுங்கின் ஊசிகள் அவற்றுக்குள் போய்ப் பிடிக்கும். திரோலைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்தெல், பாரம் சுமந்து அலுத்துப்போய் 1980-களில் கண்டுபிடித்தது. பிறகு டைனாஃபிட் நிறுவனம் செய்து விற்றது. இன்று டூர் போகிறவர்களில் பெரும்பாலானோர் காலில் அதுதான். மற்றது சட்டப் பிண்டுங். ஜெர்மனில் ராமன்பிண்டுங். (ராமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, "ராமன்" என்றால் சட்டம், படச்சட்டம் மாதிரி.) சாதாரண ஸ்கி பிண்டுங்கை ஒரு நீளச் சட்டத்தில் ஏற்றி, ஏறும்போது குதியைக் கழற்றிவிட்டு சட்டம் முழுவதையும் தூக்கித் தூக்கி நடப்பது. ரைஹன்பாஹில் உள்ள ஃப்ரிட்ச்சி நிறுவனத்தின் டியாமிர் 1995-இல் வந்தது. உங்கள் பேர்ன் மாநிலத்துச் சரக்குத்தான்.

சட்டப் பிண்டுங் மகளுக்குச் சரிவராதா என்று கேட்பீர்கள். பரவலாகக் கிடைத்த மார்க்கர் எஃப்10-இன் சின்ன அளவை எடுத்துப் பார்ப்போம். டின் 3-இல் தொடங்குகிறது. மகளுக்கு அதுவும் கூட. அடி நீளம் 265 மி.மீ.-இல் தொடங்குகிறது, 20.5 பிள்ளைச் சப்பாத்தின் அடி 245 மி.மீ. அளவில்தான் இருக்கும். மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒன்று: பிள்ளைகளின் ஸ்கி சப்பாத்துக்கு அடி வடிவமே வேறு. பெரியவர்களுக்கு மூக்கு அகலம் 69 மி.மீ., தடிப்பு 19 மி.மீ. பிள்ளைகளுக்கு 62, 16.5. முதலாவதற்கு ஏ வகை, இரண்டாவதற்கு சி வகை என்று பெயர். ஏ வகைக்கு மட்டும் செய்த பிண்டுங்கில் சி வகைச் சப்பாத்தைப் பூட்டினால் பூட்டுப்படும், "கிளிக்" என்று சத்தமும் வரும், ஆனால் எந்த விசையில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் போக ஒரு ஜோடி 2 கிலோ அளவில் பாரம். 120 செ.மீ. ஸ்கியில் அவ்வளவு நீளச் சட்டத்தைப் பூட்டினால் ஸ்கியின் நடுப்பகுதி வளையவே வளையாது, பலகை மாதிரி ஓடும்.

சி வகைச் சப்பாத்துக்கும் குறைந்த டின்னுக்கும் என்றே செய்த பிள்ளை டூர் பிண்டுங் குதிரைக் கொம்பு. கண்ணில் பட்டால், டின்னின் கீழ் எல்லை, அடி நீளம், சப்பாத்து வகை மூன்றையும் பெட்டியில் வாசித்துவிட்டு வாங்குங்கள்.

அப்போது என்ன செய்வது? மகளிடம் இப்போது இருக்கும் சாதாரண ஸ்கியும் சப்பாத்தும் அப்படியே இருக்கட்டும். அதில் ஏறுவதற்கு ஒரு அடாப்டர் வாங்குங்கள். ஃபெல்லுக்குப் பெயர்போன கோன்டூர் நிறுவனம் ஸ்டார்ட்அப் என்று பிள்ளைகளுக்காகவே ஒன்று செய்கிறது. பொய்ச் சப்பாத்து மாதிரி ஒரு பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரண பிண்டுங்குக்குள் சப்பாத்தைப் போலப் பூட்டிவிட்டு, அதன்மேல் பிள்ளையின் சப்பாத்தைப் பூட்ட வேண்டும். முன்னால் கீல் இருப்பதால் குதி தூக்கி நடக்கலாம். மேலே போனதும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளை தன் பழக்கமான பிண்டுங்கில், தனக்குச் சரியான 1.75-இலோ 2-இலோ இறங்கும். நான் இதைச் சொல்வதற்கு ஒரே காரணம் அந்தக் கடைசி வரிதான். ஏறும்போது கொஞ்சம் பாரமாக, கொஞ்சம் அலங்கோலமாக இருக்கட்டும். இறங்கும்போது பிண்டுங் விட வேண்டும்.

அலங்கோலம் என்று சும்மா சொல்லவில்லை. அடாப்டரில் நின்றால் கால் ஸ்கியில் இருந்து நல்ல உயரத்தில் இருக்கும். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது கணுக்கால் ஆடும். பிள்ளையின் டின் மிகக் குறைவாக இருப்பதால், கடின பனியில் ஓரத்தை அழுத்தும்போது சில வேளை அடாப்டரே பிண்டுங்கில் இருந்து கழன்றுவிடும். பயப்பட வேண்டாம், திரும்பப் பூட்டினால் சரி. ஆனால் அதைச் செய்ய வசதியான இடங்களில் மட்டும் போங்கள். முதல் தடவை மலையில் வைத்துப் பூட்டிப் பார்க்காதீர்கள். வீட்டு விறாந்தையில் வைத்து அடாப்டரின் நீளத்தைச் சப்பாத்துக்குச் சரிசெய்து, பிள்ளையே தன் கையால் மூன்று தடவை பூட்டிக் கழற்றட்டும். கையுறையோடு.

சப்பாத்துக்கு நடக்கும் வசதி இல்லையே என்ற கவலை எல்லாப் பெற்றோருக்கும் வரும். 20.5 அளவுப் பிள்ளைச் சப்பாத்து இயல்பாகவே மெதுவானது. மேல் கொளுவிகளைக் கழற்றி, பட்டியைத் தளர்த்திவிட்டால் இரண்டு மணித்தியாலம் நடக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையோடு அதற்கு மேல் ஏற நினைப்பது உங்கள் ஆசை, பிள்ளையின் ஆசை இல்லை.

ஃபெல்லுக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். உங்கள் பழைய ஃபெல்லையோ யாரிடமாவது கிடக்கும் 165, 170 செ.மீ. ஃபெல்லையோ எடுத்து, மகளின் ஸ்கி நீளத்துக்கு முன்பக்கத்தில் வெட்டி, வளையத்தைத் திரும்பப் பொருத்தி, அகலத்தையும் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் உலோக ஓரம் வெளியே தெரிய வேண்டும். பசை காய்ந்திருந்தால் புதுப் பசை போடலாம். பிள்ளை ஸ்கிகளின் வால் உருண்டையாக இருப்பதால் வால் கொக்கி வழுகும். என் மகளுக்கு நான் வால் கொக்கியே போடவில்லை, பசை நன்றாக இருந்ததால் ஒருநாளும் கழரவில்லை.

எப்போது உண்மையான டூர் சாமான் வாங்கலாம்? கால் 22-ஐத் தாண்டி, எடை 40 கிலோவைத் தாண்டும்போது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். கால் வளர்ந்து எடை வளராத பிள்ளைகள்தான் அதிகம், அந்தப் பையன் மாதிரி. 40 கிலோவில் டின் கிட்டத்தட்ட 2.5 முதல் 3 வரை வரும். ஊசிப் பிண்டுங்குகளில் அந்த அளவுக்கு இறங்குபவை மிகச் சில. ஸ்கி டூர் போட்டிக்கு இலகுவான பிண்டுங் செய்யும் சில சின்ன நிறுவனங்கள் குதியின் உள்ளே இருக்கும் யூ வடிவக் கம்பியைப் பல பலத்தில் விற்கின்றன. இலகுவான கம்பியைப் போட்டு எண்ணைக் குறைக்கலாம். ஆனால் கம்பி குறைப்பது குதி மேல்நோக்கி விடும் விசையைத்தான். பக்கவாட்டு விசைக்கு வேறு வழி உண்டா என்று பிண்டுங் பிண்டுங்காகப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. பல ஊசிப் பிண்டுங்குகளின் எண்கள் ஐ.எஸ்.ஓ. 13992-இன்படி சோதித்துச் சான்று பெற்றவை அல்ல. அவற்றில் "4" என்பது டின் 4 போன்ற ஒன்று, டின் 4 இல்லை. கருவியில் வைத்து அளந்து தரும் பட்டறையிடம் போங்கள்.

பிள்ளைக்குப் பூட்டும்போது பட்டறைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். ஊசிப் பிண்டுங்கில் மூக்குப் பகுதி ஓரிடத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கும், குதிப் பகுதி மட்டும் தண்டவாளத்தில் முன்பின் போகும். பெரும்பாலும் 25, 30 மி.மீ. ஓட்டம் இருக்கும். சப்பாத்து ஓர் அளவு கூடினால் அடி நீளம் 8 முதல் 10 மி.மீ. கூடும். அதனால் இன்றைய சப்பாத்துக்குக் குதி ஆக முன்னால் இருக்கும்படி துளை போட்டால் இரண்டு, மூன்று அளவு வளரும்வரை புதுத் துளை வேண்டாம். சப்பாத்து நீளும்போது அதன் நடு பின்னுக்குப் போகும். ஆகவே இப்போது ஸ்கியின் நடுக்குறியில் இருந்து சற்று முன்னால் வைத்துப் பூட்டினால், முதல் வருடம் கொஞ்சம் முன்னால், கடைசி வருடம் கொஞ்சம் பின்னால், பிள்ளைக்கு இது விளங்கவே விளங்காது. சொல்லாவிட்டால் பட்டறைக்காரர் நடுவில் வைத்துத் துளைத்துவிடுவார்.

இனி நீங்கள்.

49 கிலோவுக்கு உங்கள் டின் 3-க்கும் 4-க்கும் பக்கத்தில் வரும். ஆகவே 5-இல் தொடங்கும் பிண்டுங் எல்லாவற்றையும் இப்போதே மறந்துவிடலாம். 4-இல் தொடங்குபவை மயிரிழையில் சரி, அதற்குக் கீழே இறங்கினால் நல்லது. ஒரு சுவாரசியமான விஷயம்: அட்டவணையில் ஒரே எடைக்கு, அடி நீளம் குறையக் குறைய எண் கூடும். நெம்புகோல்தான். நீளச் சப்பாத்து கீழ்க்கால் எலும்பை இலகுவாகத் திருகும், குட்டைச் சப்பாத்துக்கு அதே திருகலுக்குக் கூடிய விசை வேண்டும். சின்னக் கால் உங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது.

சப்பாத்துக்கு வருவோம். முதலில் வடிவாக அளவெடுங்கள். பின்னேரம், காலில் பாரம் கொடுத்து நின்று, குதியைச் சுவரில் ஒட்டி, பெருவிரல் நுனிவரை, இரண்டு காலும். அந்தச் சென்ரிமீற்றர்தான் ஸ்கி சப்பாத்து உலகத்தின் அளவு, மொண்டோபாயிண்ட். 35, 36 என்று தெருச்சப்பாத்து எண்ணைக் கடையில் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். வெளிக்கூடு, அதாவது கடின பிளாஸ்டிக் பகுதி, அரை அளவுகளில் வராது. ஒரு கூடு இரண்டு அரை அளவுக்குப் பொது. வித்தியாசம் உள்சப்பாத்திலோ அடித்தகட்டிலோதான். சில நிறுவனங்களில் 22.0-உம் 22.5-உம் ஒரே கூடு. வேறு சிலவற்றில் 22.5-உம் 23.0-உம் ஒரே கூடு. பெட்டியில் இரண்டுமே "22.5" என்றுதான் இருக்கும், ஆனால் உங்கள் காலுக்கு இரண்டாவது உண்மையில் 23. கண்டுபிடிக்க வழி: கூட்டின் குதிப் பக்கத்தில் மி.மீ.-இல் ஒரு எண் பொறித்திருக்கும், அடி நீளம். 22.5-உம் 23-உம் ஒரே எண்ணைக் காட்டினால் அது பெரிய கூடு, வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு கூட்டுப் பரிசோதனை. உள்சப்பாத்தை உருவி எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் காலை வைத்து, விரல் நுனி முன்னால் தொடும்வரை தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி? ஒரு விரல், ஒன்றரை விரல், அதாவது 10 முதல் 15 மி.மீ. என்றால் டூருக்குச் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரிது. உங்களுக்குத் தந்த அந்த 24-இல் மூன்று விரல் போயிருக்கும். இரண்டு மேஸ் போட்டால் அந்த இடைவெளி நிரம்பாது, மேஸ்தான் சுருங்கி மடியும். குதி ஒவ்வொரு அடிக்கும் மேலெழும். ஆயிரம் அடி எடுத்து வைப்பதற்குள் கொப்புளம்.

ஸ்கார்ப்பா, டைனாஃபிட், அட்டோமிக் போன்றவர்களின் பெண்கள் மாடல்கள் பல 22-இலோ 22.5-இலோ தொடங்குகின்றன. பட்டியலில் இருக்கிறது, கடைத்தட்டில் இல்லை. ஒரு வருடத்துக்கு ஒருவர், இருவர்தான் கேட்பார்கள் என்பதால் கடைகள் 23.5-இல் இருந்துதான் இறக்குவார்கள். நானே கடையில் இருப்பவன், அதனால் ஒத்துக்கொள்கிறேன். வழி: புரட்டாதி மாதமே போய், குறிப்பிட்ட மாடலின் 22 கூட்டை எழுத்தில் ஆர்டர் கொடுங்கள், பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்க வேண்டும் என்ற பேச்சோடு. மார்கழியில் போனால் மிஞ்சியதைத்தான் விற்கப் பார்ப்பார்கள்.

22 கூடு கிடைத்தும் உள்ளே தளர்வாக இருக்கலாம், சின்னக் கால்கள் பெரும்பாலும் மெலிந்த கால்கள். சூட்டில் வடிவெடுக்கும் உள்சப்பாத்தை உங்கள் காலுக்கு வார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் குழியைச் சுற்றி நுரைத்துண்டு ஒட்டினால் குதி எழும்பாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: காலின் மேற்புறம் தளர்வு என்று உள்ளே ஒரு தட்டையைப் போட்டுக் காலை உயர்த்துவார்கள். கால் உயர்ந்தால் கணுக்காலும் உயர்ந்து, கூட்டில் அதற்கென்று உள்ள குழியை விட்டு வெளியே வந்துவிடும். தட்டையை அடியில் போடாமல், உள்சப்பாத்தின் நாக்கின் முன்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

கெண்டைக்காலையும் பாருங்கள். கால் குட்டை என்றால் சப்பாத்தின் மேல்விளிம்பு கெண்டையின் தடித்த இடத்தில் வந்து நிற்கும். எல்லாக் கொளுவியும் பூட்டி, முழங்காலை மடக்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். விளிம்பு கடித்தால் அது உங்களுக்கில்லை. நாலு கொளுவி வைத்த கனமான சப்பாத்தை விட, ஒன்று 1.1, 1.2 கிலோ வரும் இலகுவான வகையில் கழுத்து பதிவாக இருக்கும், விறைப்பும் குறைவு. கடைச் சூட்டில் மெதுவாகத் தெரிவது -10 பாகையில் கல்லாகும், 49 கிலோவால் அதை வளைக்க முடியாது. மனைவிக்கு முதலில் கனமானதை வாங்கி ஒரு மாரி முழுக்க ஏச்சு வாங்கினேன். பிறகு இலகுவானதுக்கு மாறினோம், அத்தோடு கதை முடிந்தது.

பிண்டுங் பூட்டும்போது இன்னொரு கணக்கு. ஊசிப் பிண்டுங் பலவற்றில் குதி ஊசி மூக்கு ஊசியை விட உயரம். 12 மி.மீ. என்று வையுங்கள். 300 மி.மீ. சப்பாத்தில் அது 2.3 பாகைச் சாய்வு. உங்கள் 250-இல் 2.75. அரைப் பாகைதானே என்று தோன்றும். குதிச்செருப்போடு இறங்குகிற மாதிரி தொடையை எரிக்கும், முன்னுக்குத் தள்ளும். மூக்குப் பகுதிக்கு அடியில் சில மி.மீ. தடிப்பான தட்டை ஒன்று போட்டுப் பூட்டினால் சரியாகிவிடும். அதற்கேற்ற நீள ஆணியும் வேண்டும் என்பதால் துளை போட முன்னரே சொல்ல வேண்டும். இதே கணக்கு ஏறும்போதும் வரும்: குதிக்கு அடியில் தூக்கிவிடும் 50 மி.மீ. முட்டு, 300-க்கு 9.5 பாகை, 250-க்கு 11.3. மற்றவர்கள் உயர முட்டில் ஏறும் இடத்தில் உங்களுக்குப் பதிவு முட்டே காணும். குழுவோடு போகும்போது பார்த்துப் பார்த்து மாற்றாதீர்கள்.

பழைய சாமான் வாங்கலாமா? சப்பாத்து, ஃபெல், அடாப்டர் வாங்கலாம். ஐப்பசியில் ஊருக்கு ஊர் ஸ்கிபோர்ஸ், அதாவது பழைய ஸ்கிச் சாமான் சந்தை, நடக்கும். சின்ன அளவுகள் விலைபோகாமல் கிடப்பதால் உங்களுக்கு அது வேட்டைக்களம். ரிக்கார்டோ இணையச் சந்தையிலும் தேடுங்கள், ஆனால் "22.5" என்று தேடாமல் அடி நீளத்தைக் கேட்டு எழுதுங்கள். பிளாஸ்டிக் வயதாகும். கொளுவி ஆணியைச் சுற்றியும் கணுக்கால் கீலிலும் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூக்குக் குழியின் ஓரம் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் வேண்டாம். பிண்டுங்கை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம். மிகப் பழையதைப் பட்டறைகள் தொடவும் மாட்டார்கள்.

முதல் நாள் கான்ட்றிஷ் பக்கம் போங்கள். குர்னிகலில் இருந்து செலிப்யூல் மாதிரி ஒரு சின்ன மேடு, ஏற்றம் 150, 200 மீட்டர். முதல்நாள் மாலை 5 மணிக்கும் அன்று காலை 8 மணிக்கும் டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 30 பாகைக்குக் குறைந்த சரிவுதான். பிள்ளைக்கும் எல்.வி.எஸ். (பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும்) கருவி வேண்டும், பெரியவர்களுக்கு மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை. ஆல்பைன் கழகத்தின் குடும்பப் பிரிவோடு போனால் சாமான் இரவல் வாங்கவும் ஆள் கிடைக்கும். அங்கே உங்கள் மகளை விட ஓர் அளவு பெரிய கால் உள்ள பிள்ளை யார் என்று பார்த்து, அந்தத் தாயோடு பழகி வையுங்கள். அடுத்த மாரிக்கான சப்பாத்து அந்த வீட்டில்தான் இருக்கிறது.

மகளின் இப்போதைய சப்பாத்தின் குதிப் பக்கத்து மி.மீ. எண்ணையும், ஸ்கியில் உள்ள பிண்டுங்கின் முன்பக்க எழுத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அடாப்டர் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.